மைக்கம்மா தூங்க வேண்டும்

தேர்வுக்கு முந்தின நாள் காலையிலேயே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

சட்டத்தைப் போட்டவள் மகள். பத்தாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் எதிராளிக்குப் பேச இடம் வைக்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். அம்மாவின் பாடப் புத்தகங்களை அள்ளிப் பரணில் ஏற்றிவிட்டு, ஏணியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

“ஒரே ஒரு அத்தியாயம்டி. பிரேக் பத்தினது மட்டும்.”

“போன வருஷமும் இதேதான் சொன்னே. ஒரே ஒரு அத்தியாயம்னு ஆரம்பிச்சு விடிய விடிய உக்காந்திருந்தே. அப்புறம் என்ன ஆச்சு?”

என்ன ஆயிற்று என்பது வாரா வாரம் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

ரயில் நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எது எவ்வளவு தாமதம் என்று ஊருக்கே சொல்கிறவள் இந்த வீட்டு அம்மா. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. வண்டி வருகிறது, வருகிறது என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. துறைக்குள் நடக்கும் ஓட்டுநர் தேர்வைச் சென்ற ஆண்டு எழுதினாள். எழுத்தில் வெளுத்துக் கட்டினாள். அடுத்தது விளக்குத் தேர்வு. அரையிருட்டு அறை, எதிரே திரை, அதில் எந்த நிற விளக்கு எரிகிறதோ அந்த நிறப் பொத்தானை உடனே அழுத்த வேண்டும். குழந்தைகூடச் செய்துவிடும். இரவெல்லாம் கண்விழித்திருந்த மைக்கம்மாவுக்கு அந்த இருட்டும் குளிர்ச்சியும் தாலாட்டாகப் போய்விட்டன. தோளைத் தட்டித்தான் எழுப்பினார்கள்.

அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. அதற்கு மேல் தேர்வு எழுத முடியாது. நாளை விட்டால் விட்டதுதான்.

மைக்கம்மாவின் கணவர் பேக்கரி மாஸ்டர். ஊர் புரண்டு படுக்கும் நேரத்தில் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறவர் என்பதால், தூக்கம் என்ற சங்கதியில் அந்த வீட்டில் அவர் சொல்தான் எடுபடும். மாஸ்டர் தலையணையைப் பார்த்தாலே போதும், தூங்கிவிடுவார். கல்யாணமான புதிதில் மைக்கம்மா அதைக் கோபமாகச் சொன்னாள். பிறகு பொறாமையாகச் சொன்னாள்.

அன்று பகலில் வேலை முடிந்து வந்தவர், கையிலிருந்த ரொட்டிப் பையை மேசையில் வைத்துவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

“மத்தியானம் படுத்துடாதே. இப்ப தூங்கினா ராத்திரி தூக்கம் கால வாரிடும்.”

“படுக்கவும் விடமாட்டேங்கறீங்க, படிக்கவும் விடமாட்டேங்கறீங்க. நான் என்னதான் பண்றது?”

“சும்மா இரு.”

“அது மட்டும் எனக்கு வராதே!”

உண்மைதான். அவள் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள். அலமாரித் துணிகளை மடித்து அடுக்கினாள். எதிர் வீட்டில் தரைக்குக் கல் பதிக்கிறவர்கள் மெஷினைப் போட்டுக் கீச்சென்று கல் அறுக்கும் போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

“ராத்திரியும் அறுப்பாங்களோ?” என்றாள்.

மாஸ்டர் பையிலிருந்து நாலைந்து பன்களை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார்.

அங்கே தலையில் துண்டு கட்டி, உடம்பெல்லாம் கல்தூள் அப்பியிருந்த மேஸ்திரி, “இந்த வாரத்துக்குள்ள முடிக்கணும் சார். நாங்க என்ன பண்றது?” என்று முதலில் கைவிரித்தார். பிறகு யாருக்குத் தேர்வு என்று கேட்டார்.

“மைக்கம்மாவுக்கா? முதல்லயே சொல்ல வேண்டியதுதானே! என் சம்சாரம் போர்டு பாத்தெல்லாம் வண்டி ஏற மாட்டா சார். அவங்க குரல் சொன்னாத்தான் ஏறுவா. டேய், அஞ்சு மணிக்கு மெஷினை மூட்டை கட்டிடுங்கடா!”

மாஸ்டருக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையோடு படியிறங்கும்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சினி. மைக்கம்மாவின் ஒரே தங்கை. பிறந்த ஊரிலேயே, அப்பா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கல்யாணம் செய்துகொண்டு இருப்பவள்.

“அத்தான், பக்கத்துல அக்கா இருக்காளா?”

“இல்லம்மா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“அப்பா காலையில பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம். நாளைக்குக் காலையில ஆபரேஷன்.”

மாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நாளைக்குக் காலையிலயா?”

“ஆமா. அக்கா பரீட்சை நேரத்துலதான். அவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கறார்.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது மச்சினிக்கே உறைத்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “இருங்க, அவரே பேசணுமாம்.”

மாமனார் குரலில் வலி தெரிந்தது. ஆனால் அதிகாரம் குறையவில்லை. ஓய்வு பெறும் வரை இரவுக் காவல்காரராக இருந்தவர்; நாலு கட்டடம் தாண்டிக் கேட்கிற குரல்.

“மாப்ள, எலும்பு என்ன எலும்பு. ஒட்டவச்சா ஒட்டிக்கும். பரீட்சை அப்படியில்ல. நான் ராத்திரியெல்லாம் முழிச்சே ஆயுசைக் கழிச்சவன். அவளாவது நல்லாத் தூங்கி எந்திரிச்சுப் போகட்டும். சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

“மாமா, அது...”

“சொல்லுங்க மாப்ள.”

“சரி மாமா. சொல்லலை.”

வீட்டு வாசலில் வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா தெருவைக் கடப்பதற்குள் அவர் முகத்தைப் படித்துவிட்டாள். மாடிப்படிக்குக் கீழே தள்ளிக்கொண்டு போய், விஷயத்தைக் கறந்துவிட்டுத்தான் விட்டாள். ஒரு நிமிடம் அவள் கண்களும் கலங்கின. பிறகு துடைத்துக்கொண்டாள்.

“தாத்தா சொன்னதுதான் சரி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அப்பா, நீ சாப்பிடறப்ப அம்மா பக்கம் திரும்பாதே. உன் மூஞ்சி நம்ம கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு ரோட்டுலேர்ந்தே தெரியும்.”

“ஏழு மணிக்கு அவ தாத்தாவுக்குப் போன் பண்ணுவாளே?”

தினமும் மாலையில் அப்பாவோடு பத்து நிமிடம் சண்டை போடாவிட்டால் மைக்கம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. அரசியல், மாத்திரை, மழை, எதுவானாலும் இருவருக்கும் ஒத்துப்போகாது. வக்கீல் அதற்கும் வழி செய்தாள். சித்திக்குப் போன் போட்டு, மணியடித்ததும் தாத்தாவிடம் கொடுக்கச் சொல்லி, அவர் என்ன பேச வேண்டும் என்றும் பாடம் நடத்தினாள்.

மாலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மேஸ்திரி சொன்னபடி மெஷினை நிறுத்தினார். மூவரும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே சாப்பிட்டார்கள். மாஸ்டர் தன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். மைக்கம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். வீட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னப்பா, சாப்பிட்டியா? ... மாத்திரை? ... ம். ... நாளைக்குத்தான்பா. ... சரி. ... சரிப்பா.”

போனை வைத்தாள். வக்கீல் அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். கண்டம் தாண்டியாயிற்று.

தாண்டவில்லை.

படுக்கை அறையில் விளக்கை அணைத்துவிட்டு மாஸ்டரும் படுத்தார். எட்டு மணிதான் ஆகியிருந்தது. ஜன்னல் திரை வழியாகத் தெருவெளிச்சம் கொஞ்சம் உள்ளே வந்தது. பக்கத்தில் மைக்கம்மா அசையாமல் கிடந்தாள். தூங்குகிறவர்கள் அவ்வளவு அசையாமல் இருக்க மாட்டார்கள் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

“அப்பா இன்னிக்கு எங்கூடச் சண்டையே போடலைங்க,” என்றாள் கூரையைப் பார்த்து.

“பரீட்சைன்னு விட்டுருப்பார்.”

“போன வருஷமும் பரீட்சைதான். ‘இந்த வயசுல உனக்கு எதுக்கு இஞ்சின்’னு காய்ச்சி எடுத்தாரே. இன்னிக்கு ‘நல்லபடியாப் பண்ணும்மா’ங்கறார். மாத்திரை போட்டியான்னா ‘போட்டேன்மா’ங்கறார். அப்பா என்னிக்கு ஒழுங்கா மாத்திரை போட்டார்?”

“நல்ல புத்தி வந்திருக்கும்.”

“அவருக்கா?”

புரண்டு படுத்தாள். மறுபடி புரண்டாள்.

“தங்கச்சிக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா? இல்ல, அவ வீட்டுக்காரன் ஏதாவது சொல்லிட்டானா? ஒருவேளை வீட்டை வித்துடலாம்னு யோசிக்கறாரோ... நெஞ்சு வலின்னு அன்னிக்கு ஒரு நாள் சொன்னார். ஏங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. தூங்கட்டும் என்று மறைத்த விஷயம்தான் அவளைத் தூங்கவிடாமல் புரட்டிக்கொண்டிருந்தது. முறிந்தது ஓர் எலும்பு. அவள் கற்பனையில் அதற்குள் இரண்டு குடும்பம் பிரிந்து, ஒரு வீடு விலைபோய், ஒரு நெஞ்சும் வலித்துவிட்டது. இப்படியே போனால் விடியும்போது இன்னும் என்னென்ன நடந்திருக்குமோ!

மாமனாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுந்து விளக்கைப் போட்டார்.

“உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

சொன்னார். விழுந்தது, இடுப்பு எலும்பு, நாளைக் காலை ஆபரேஷன், யார் யாருக்கு எப்போது தெரியும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வக்கீல் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

“அப்பா! போச்சு! எல்லாத்தையும் கெடுத்தே!”

“நீ வாயை மூடுடி,” என்றாள் மைக்கம்மா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “எல்லாரும் சேர்ந்து என்னைப் பொம்மையா ஆக்கிட்டீங்க இல்ல? சாவி குடுத்தா படுத்துக்கணும், சாவி குடுத்தா எந்திரிக்கணும்.”

“நீ தூங்கணும்னுதான்...” என்று இழுத்தார் மாஸ்டர்.

“எத்தனை வருஷமா நான் என்ன வேலைங்க பாக்கறேன்? வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு மைக்ல சொன்னா, ஜனங்க திட்டுவாங்க. திட்டிட்டு, துண்டை விரிச்சுப் படுத்துத் தூங்கிடுவாங்க. ஒண்ணும் சொல்லாம விட்டுப் பாருங்க. ஒருத்தன் உக்கார மாட்டான். பாதையையே பாத்துட்டு நிப்பான். எங்கிட்டயே சொல்லாம விட்டா நான் எப்படித் தூங்குவேன்?”

அவள் தங்கைக்குப் போன் செய்தாள். எந்த எலும்பு, எந்த டாக்டர், எவ்வளவு நேரம், ரத்தம் ஏற்பாடு செய்தாயிற்றா என்று கேட்டாள். பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். அதன் பிறகு நடந்தது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

“வழுக்குச் செருப்பைத் தூக்கிப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ... பேசாதே! ... வந்தா என்ன? வருவேன். ... அது என் பரீட்சை, என் இஷ்டம். ... கத்தாதேப்பா, இடுப்பு வலிக்கப் போகுது! ... நீயும்தான் பிடிவாதம்! ... சரி. ... சரி, எழுதறேன். எழுதித் தொலையறேன்!”

போனை வைத்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தாலும் முகத்தில் பழைய களை வந்திருந்தது. சண்டை போட்டாயிற்று, அப்பா அப்பாவாகத்தான் இருக்கிறார்.

ஆனால் கட்டிலில் உட்கார்ந்தவள் படுக்கவில்லை.

“தங்கச்சி தனியா இருக்கா. அவ வீட்டுக்காரன் வெளியூர் போயிருக்கானாம். அப்பாவை உள்ள கொண்டுபோறப்ப நம்ம வீட்டு ஆள்னு வாசல்ல ஒருத்தர் நிக்கணுங்க.” பிறகு, வீட்டில் ஒருபோதும் வராத அந்த மைக் குரல் அவளை அறியாமல் வந்தது: “ஒன்பதே காலுக்கு இரண்டாவது மேடையிலிருந்து ஒரு பாசஞ்சர். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும். விடியும்போது போய்ச் சேரும்.”

மகள் பதறிப்போனாள். “அம்மா, நீ போகக் கூடாது!”

“அவ போகலை,” என்றார் மாஸ்டர். சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். “நான் போறேன்.”

“காலையில அடுப்பு?”

“கடையில சின்னவன் பாத்துப்பான்.”

“போன வாரம் கருக்கினானே, அவனா?”

“ஒரு நாளைக்கு ஊர் கருகின ரொட்டி தின்னட்டும். ஒண்ணும் ஆகாது.”

மைக்கம்மா ஒரு பையில் துண்டும் போர்வையும் எடுத்து வைத்தாள். அப்பாவுக்கு ஒரு சட்டையும் வைத்தாள். வாசல் வரை வந்தாள். “நீங்க அங்க இருந்தா நான் இருக்கற மாதிரி,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. எந்த இடத்திலும் கண்மூடக்கூடிய மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ரயில் பயணம் முழுக்க விழித்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் சாய்ந்திருந்த மச்சினி அவரைக் கண்டதும் எழுந்து நின்று அழுதாள். உள்ளே மாமனார் அவரைக் கண்டதும் முறைத்தார்.

“சத்தியத்தைக் காத்துல விட்டுட்டீங்களே மாப்ள.”

“ஆமா மாமா. அதை அப்புறம் திட்டுங்க.”

“தூங்கினாளா?”

அதைத்தான் மாஸ்டரும் தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டிருந்தார். தேர்வுக் கூடத்து வாசலிலிருந்து மகள் போன் செய்தபோது முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

“நீ கிளம்பினதும் படுத்தாப்பா. நான் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள குறட்டை! காலையில உலுக்கி உலுக்கி எழுப்ப வேண்டியதாப் போச்சு. அப்படியே விட்டிருந்தா பரீட்சையையே தூங்கித் தாண்டியிருப்பா.”

மைக்கம்மா போனை வாங்கினாள். “அப்பாகிட்ட குடுங்க.”

மாமனார் போனைக் காதில் வைத்து, “ம்... ம்...” என்று கேட்டார். கடைசியில், “சிவப்பு விளக்கைப் பாத்தா நிறுத்து. என்னை மாதிரி பாக்காமப் போகாதே,” என்றார்.

மைக்கம்மா தேர்வுக் கூடத்துக்குள் போன சற்று நேரத்தில் இங்கே மாமனாரைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். மச்சினி கதவு வரை கூடவே ஓடினாள். மாஸ்டர் வாசலில் நின்றார். நம்ம வீட்டு ஆளாக. கதவு மூடியது.

வார்டு உதவியாளர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். “பெரியவரோட சாமான். வந்தப்ப போட்டிருந்த உடுப்பு. வாங்கிக்குங்க.”

மாஸ்டர் பையைத் திறந்தார். உள்ளே ஒரு டார்ச் விளக்கு, ஒரு விசில், மடித்த காக்கிச் சட்டை. மாமனாரின் பழைய சட்டை என்றால், ஞாபகத்துக்காக வீட்டில் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கலாம். இது புத்தம் புதுசு. தோளில் தைத்திருந்த பட்டையின் நூல்கூட இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

“இதைப் போட்டுக்கிட்டா பாத்ரூம்ல விழுந்தார்?” என்றார்.

“பாத்ரூமா?” உதவியாளர் புருவத்தைச் சுருக்கினார். “ராத்திரி வேலை முடிஞ்சு மாடிப்படி இறங்கறப்ப, தூக்கக் கலக்கத்துல உருண்டுட்டார்னு கூட வேலை பாக்கறவர்தானே சொல்லிச் சேர்த்துட்டுப் போனார்?”

மாஸ்டர் மச்சினியைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாது அத்தான். சத்தியமாத் தெரியாது. ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்பாவே போன் பண்ணித்தான் நான் வந்தேன். ராத்திரி சாப்பாடு குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன். அவர் தூங்கறார்னுதான்...” சட்டென்று நிறுத்தினாள். “இப்ப கதவுகிட்ட என் கையைப் பிடிச்சுட்டு ஒண்ணு சொன்னார். மயக்கத்துல உளர்றார்னு விட்டுட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘அந்தக் கட்டடத்துக்கு யாரையாவது அனுப்பு. கதவைப் பூட்டாம வந்துட்டேன். உள்ள ஆள் இருக்கு’ன்னார்.”